வாக்குத்தத்த அட்டையும் ஜாமீன் கையெழுத்தும்

வாசகர் கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. நல்ல மாதத்தில் இலைப் பணம் 8,000 வரும். கணவர் கேரட் லாரிக்கு லோடு ஏற்றப் போகிறார். மகன் கோவையில் காலேஜ் முதல் வருடம். என் கொழுந்தனார் டூரிஸ்ட் வண்டி எடுக்க ஒரு பைனான்ஸில் 6 லட்சம் கடன் கேட்டிருக்கிறார். ஐந்து வருடம், மாதம் ஏறக்குறைய 14,000 தவணை. அதற்கு என் கணவரின் ஜாமீன் கையெழுத்தும் எங்கள் நிலப் பத்திரமும் வேண்டுமாம். கொழுந்தனார் கலாத்தியர் 6:2-ஐயும் மத்தேயு 5:42-ஐயும் காட்டுகிறார். வருடக் கடைசி ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு எரேமியா 29:11 வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை வந்தது. “கர்த்தரே சொல்லிட்டார், தைரியமா போடச் சொல்லு” என்கிறார் அத்தை. எனக்குப் பயம். ஜெபம் பண்ணி, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். நீதிமொழிகள் 22-இல், கடனுக்குப் பிணைப்படாதே என்ற இடம் வந்தது. இதில் எது கர்த்தர் பேசினது? கையெழுத்துப் போடாவிட்டால் விசுவாசக் குறைவா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, அது விசுவாசக் குறைவு ஆகாது. இதை வாசித்துவிட்டு இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. உங்கள் வீட்டில் மூன்று பேர் வேதத்தை எடுத்திருக்கிறீர்கள். கொழுந்தனார் தனக்கு வேண்டிய வசனத்தை எடுத்தார். அத்தை அட்டையில் வந்த வசனத்தை எடுத்தார். நீங்கள் விரல் பட்ட வசனத்தை எடுத்தீர்கள். மூன்று பேரும் ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். அடுத்த வசனத்துக்கு யாரும் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் விரல் பட்ட இடம் உங்களுக்குச் சாதகமாக இருந்ததால்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். அதே நீதிமொழிகளில் இன்னும் கொஞ்சம் தள்ளி, “சோம்பேறி” என்று வரும் இடத்தில் விரல் பட்டிருந்தால் இன்னொரு தடவை திறந்து பார்த்திருப்பீர்கள். நானும் வாலிப வயதில் அப்படித்தான் செய்வேன், பிடித்த வசனம் வரும்வரை.

அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற சபையார் 1728-இலேயே நாளுக்கொரு வசனத்தைச் சபையார் எல்லாருக்கும் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். 1731 முதல் அதை அச்சடித்தும் கொடுத்தார்கள். நாள் முழுக்க ஒரு வசனத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்ல பழக்கம்தான். அதே சகோதரர்கள் யாருக்கு யாரைக் கல்யாணம் செய்துவைப்பது என்பதற்கும் சீட்டுப் போட்டார்கள் என்பது வேறு கதை. பிற்பாடு அவர்களே அதைக் கைவிட்டார்கள். அத்தை அப்போஸ்தலர் 1-ஆம் அதிகாரத்தைக் காட்டி, யூதாஸின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தானே தெரிந்தெடுத்தார்கள் என்று கேட்கக்கூடும். ஆமாம், சீட்டு விழுந்தது. அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். அதற்குப் பிறகு சபை எதையாவது தீர்மானிக்கச் சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. உட்கார்ந்து பேசினார்கள், சண்டைகூடப் போட்டார்கள்.

சரி, அட்டைக்கு வருவோம். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற அந்த வசனம் இந்த மலையில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. காலண்டரில் உண்டு, ஜீப்பின் கண்ணாடியிலும் உண்டு. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. எரேமியா எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு எழுதுகிறார். நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு. முந்தைய அதிகாரத்தை, 28-ஐ, வாசித்துப் பாருங்கள். அனனியா என்று ஒருவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழும்பி, “இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும்” என்கிறான். ஜனங்களுக்குக் கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும். எரேமியா சொன்னதோ 70 வருஷம். 11-ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10-ஆம் வசனத்தில் அந்த எழுபது இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்கள் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண் மூடியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்தச் சமாதானத்தின் வார்த்தை வந்தது. நாம் அதை எடுத்து டிசம்பர் 31 ராத்திரி அட்டையில் அச்சடித்து, பன்னிரண்டு மாத ரீசார்ஜ் மாதிரி வைத்துக்கொள்கிறோம்.

அந்த 70 வருஷத்துக்கு அவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதும் அதே கடிதத்தில் உண்டு. 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள்: வீடு கட்டு, குடியிரு, தோட்டம் நாட்டு, அதன் கனியைச் சாப்பிடு. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவை. நீ இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. இதெல்லாம் தினசரி வேலை. மழையில் இலை பறித்து, ஈரத்துக்குக் கழிவு போக மிச்ச எடைக்குப் பணம் வாங்கி, பையனுக்கு ஃபீஸ் கட்டுகிறீர்களே, அந்த 29-ஆம் அதிகாரம் உங்களிடம் கேட்பதை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரு பைனான்ஸ் பத்திரத்தைப் பற்றி அந்த அட்டைக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.

கொழுந்தனார் காட்டிய வசனங்கள் கொஞ்சம் கனமானவை. “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, இப்படியே கிறிஸ்துவினுடைய பிரமாணத்தை நிறைவேற்றுங்கள்.” இதைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் கூடாது. ஆனால் பவுல் எழுதியபோது அதில் வசன எண் கிடையாது. 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர் தன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் போட்ட எண்கள்தான் இன்று நம்மிடம் இருப்பவை. எண் வந்த பிறகு தேடுவது சுலபமாயிற்று, துண்டுபோடுவதும் சுலபமாயிற்று. துண்டுபோடாமல் வாசியுங்கள். மேலே, 1-ஆம் வசனத்தில், ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் அவனைச் சாந்தமாகத் தூக்கி நிறுத்துங்கள் என்று இருக்கிறது. கீழே, 5-ஆம் வசனத்தில், “அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே” என்று இருக்கிறது.

தமிழில் இரண்டும் பாரம்தான். அதனால் பவுல் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று தோன்றும். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். முதலில் வருவது ஆளை அமுக்குகிற எடை. திராட்சத்தோட்டக் கூலியாட்கள் “பகலின் கஷ்டத்தை”ச் சுமந்தோம் என்று முறையிடும் இடத்திலும் அந்தச் சொல்தான். இரண்டாவது, ஒரு ஆளோ கப்பலோ ஏற்றிக்கொள்ளும் சுமை. “என் சுமை இலகுவாயும் இருக்கிறது” என்று இயேசு சொன்ன இடத்தில் வரும் சொல். இரண்டுக்கும் நடுவே சுவர் கட்டிவிட முடியாது, அர்த்தம் கொஞ்சம் கலக்கும்தான். ஆனாலும் மூன்றே வசனம் தள்ளி பவுல் சொல்லை மாற்றினார் என்றால் சும்மா மாற்றியிருக்கமாட்டார்.

உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, தோட்டத்தில் தினமும் பார்க்கிறீர்கள். சாக்கு நிறைந்துவிட்டால் தனியாள் அதைத் தலைக்கு ஏற்ற முடியாது. “அக்கா, கொஞ்சம் கை கொடு” என்று கூப்பிட்டால் பக்கத்து வரிசையில் இருப்பவள் தன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருவாள். இருவரும் சேர்ந்து ஒரே மூச்சில் தூக்கி, சும்மாட்டின்மேல் வைப்பார்கள். வைத்த பிறகு, எடை போடும் இடம் வரைக்கும் அந்தச் சரிவில் இறங்கி நடப்பது அவரவர் கழுத்து. வழியில் வழுக்கி விழுந்தால் மறுபடி கை கொடுக்க ஆள் ஓடிவரும். கை கொடுத்த அக்காவின் பெயரில் அந்தச் சாக்கை எழுதுகிற வழக்கம் எந்த எடைக்காரரிடமும் இல்லை. ஜாமீன் என்பது அப்படி எழுதுவது.

இதைச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவு: வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்காரருக்கும் அவ்வளவு. “முதலில் அவரிடம் கேளுங்கள், வராவிட்டால் என்னிடம் வாருங்கள்” என்று சொல்லும் உரிமைகூடப் பொதுவாக இல்லை. கடன் கொடுத்தவர் நேராக உங்கள் வாசலுக்கு வரலாம். தவணை தவறினால், வங்கிகள் பார்க்கும் கடன் பதிவான சிபிலில் உங்கள் கணவர் பெயரும் அடிபடும். நாளைக்கு மகனுக்குக் கல்விக்கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும்.

மத்தேயு 5:42-க்கு வருகிறேன். “உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன்வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே.” இதில் இருப்பது கொடுப்பது, கடனாகக் கொடுப்பது. இரண்டும் உன் கையில் இருப்பதிலிருந்து. உங்கள் கையில் 6 லட்சம் இல்லை. இல்லாததைக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டால், கொடுக்கப்போவது மகனின் படிப்பும் அந்த ஒரு ஏக்கரும். “முகங்கோணாதே” என்பதை மட்டும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் நீதிமொழிகளை வைத்து உங்களை ஜெயிக்கவைக்கப் பார்க்கவில்லை. பிணைப்படாதே என்று அந்தப் புத்தகம் ஒரு தடவை அல்ல, 6, 11, 17, 20, 22, 27 என்று ஆறு அதிகாரங்களில் எச்சரிக்கிறது. படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவான் என்கிறது. ஆனால் அதே வேதத்தில் யூதா தன் தம்பிக்காகப் பிணை நின்றான். ஆதியாகமம் 43:9. பென்யமீனை எகிப்துக்கு அனுப்பத் தகப்பன் மறுத்தபோது, “அவனுக்காக நான் உத்தரவாதம்பண்ணுவேன், அவனை என்னிடத்திலே கேளும்” என்றான். பவுலும் பிணை நின்றார். ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் கடன்பட்டது ஏதாவது இருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நான் இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். அன்றைய கடன் பத்திரத்தின் பாஷை அது.

அப்படியானால் வேதம் எந்தப் பக்கம்? இந்த இருவரையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். “எப்படியும் பென்யமீனுக்கு ஒன்றும் ஆகாது, கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று யூதா சொல்லவில்லை. 44-ஆம் அதிகாரத்தில் பென்யமீன் மாட்டிக்கொண்டபோது, அவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று வந்து நிற்கிறான். பவுலும் “ஒநேசிமு கட்டிவிடுவான்” என்று எழுதவில்லை, நான் கட்டுவேன் என்று எழுதினார். பிணை நிற்கும்போதே அந்தக் கடனைத் தங்கள் கடனாக எண்ணித்தான் நின்றார்கள். ஆகவே உங்கள் கணவர் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி, தம்பி ஒழுங்காகக் கட்டுவானா என்பதல்ல. தம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் போனாலும் மாதம் 14,000 என்று அறுபது மாதம் நான் கட்டுவேனா, கட்டிவிட்டு அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவேனா? இரண்டுக்கும் ஆம் என்றால் கையெழுத்துப் போடட்டும், நானே ஜெபித்து அனுப்புகிறேன். மொத்தம் 8 லட்சத்து 40 ஆயிரம். உங்கள் இலைப் பணத்தில், எல்லா மாதமும் நல்ல மாதமாகவே இருந்தாலும், ஒன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் பட்டவன். முப்பது வருஷத்துக்கு முன்னால் குன்னூர் பக்கம் ஒரு சின்னச் சபையில் இருந்தேன். பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிற ஒருவர், 15,000 ரூபாய் கடனுக்கு ஜாமீன் கேட்டார். அதே கலாத்தியர் 6:2. அந்த வாரம்தான் நான் அதை வைத்துப் பிரசங்கம் பண்ணியிருந்தேன், எப்படி மறுப்பது? பத்திரத்தை வாசிக்கக்கூட இல்லை. நாலாவது மாதத்திலிருந்து தவணை என் தலையில் விழுந்தது. மாதம் 850 ரூபாய், 22 மாதம். என் மனைவி வீட்டுக் கணக்கு நோட்டில் பால், மளிகை, மண்ணெண்ணெய் என்று எழுதி அடுத்த வரியில் “கலா. 6:2 – 850” என்று எழுதுவாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த நோட்டு இன்னும் பெட்டியில் கிடக்கிறது.

பணம் போனது வலித்தது, மறந்தும்போயிற்று. மறக்காதது வேறு. திருவிருந்து நாளில் அந்த மனிதர் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். எல்லாரும் முழங்கால்போட முன்னே வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார். என் கையால் அப்பம் வாங்க அவருக்குக் கூச்சம். உண்மையைச் சொன்னால் அவர் எழுந்து போகும்போது எனக்குள் ஒரு ஆறுதல். கொடுக்கவேண்டிய தர்மசங்கடம் எனக்கு இல்லாமல் போகிறதே என்று. ஒரு மேய்ப்பன் அப்படி நினைக்கலாமா? நினைத்தேன். கொஞ்ச நாளில் அவர் வருவதையே நிறுத்திவிட்டார். அன்றைக்கு முகத்துக்கு நேராக “முடியாது ஐயா, ஆனால் இந்த இரண்டாயிரத்தை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தரவேண்டாம்” என்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் கோபமாக இருந்திருப்பார். கட்டைக் குரல் சபையில் இருந்திருக்கும்.

இனி நடக்கவேண்டியதைப் பார்ப்போம். வண்டிக் கடன் என்றால் வண்டியே அடமானம்; ஆர்சி புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் ஏறும், தவணை தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். அதற்குமேல் அண்ணனின் நிலப் பத்திரம் எதற்கு என்று உங்கள் கணவர் அந்த ஏஜெண்டிடம் நேராகக் கேட்கட்டும். பதில் என்னவாக இருந்தாலும், பத்திர நகலை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. நீங்களே போய்க் காட்டலாம். அதற்கு முன்னால் கையெழுத்துக் கிடையாது.

கொழுந்தனாரின் கணக்கையும் உட்கார்ந்து பாருங்கள். கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப்பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-இல் கேட்டவர் நம் ஆண்டவர்தான். ஏப்ரல், மே சீசனில் ஓட்டம் இருக்கும். ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிந்தால் வண்டி வாசலில் நிற்கும், தவணை நிற்காது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வண்டிகளின் எண்ணிக்கைக்கும் நீதிமன்றம் வரம்பு போட்டது, வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று. இதனால் உள்ளூர் வண்டிக்கு லாபமா நஷ்டமா என்று ஸ்டாண்டில் விசாரித்தால் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். பழைய வண்டி ஒன்றைக் குறைந்த கடனில் எடுத்து ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கு உங்களால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு, ஐயாயிரமோ பத்தாயிரமோ முடிந்தால் கையில் கொடுங்கள். நோட்டில் எழுதாதீர்கள்.

மறுப்பதை வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள், அத்தை மூலமாகவும் சொல்லி அனுப்பாதீர்கள். முகங்கோணாதே என்ற வார்த்தை இங்கேதான் வேலை செய்கிறது. உங்கள் கணவரே தம்பி வீட்டுக்குப் போய், டீ குடித்துவிட்டு, “என்னால் 14,000 கட்ட முடியாதுடா, அதனால் போட முடியாது” என்று சொல்லட்டும். “ஜெபம் பண்ணினோம், கர்த்தர் வேண்டாம்னு சொல்லிட்டார்” என்று மட்டும் சொல்லவேண்டாம். காரணம் உங்களுடையது, அதைக் கர்த்தர் தலையில் ஏற்றாதீர்கள். தம்பிக்கு அண்ணன்மேல் கோபம் வந்தால் நாள்பட ஆறும், கர்த்தர்மேல் வந்தால் யார் போய்ச் சமாதானம் பண்ணுவது?

ஒருவேளை என் பதில் வருவதற்குள் கையெழுத்தாகிவிட்டது என்றால் நீதிமொழிகள் 6-ஐ எடுத்து முதல் ஐந்து வசனங்களை வாசியுங்கள். குருவி வேடன் கைக்குத் தப்புவதுபோல் தப்பு, கண்ணுக்கு நித்திரை கொடாதே என்று இருக்கும். அந்த ராத்திரியே பத்திரத்தோடு எனக்குப் போன் பண்ணுங்கள்.

அத்தைக்கு இதை நீங்கள் வாதாடி நிரூபிக்கவேண்டாம். சாயங்கால ஜெபத்தில் எரேமியா 28-ஐயும் 29-ஐயும் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வசனத்திலிருந்து. 11 வந்ததும் நிறுத்திவிடுவார், அது பழக்கம். “அத்தை, இன்னும் இருக்கு” என்று சொல்லுங்கள். அட்டை சுவரிலேயே இருக்கட்டும்.

பைனான்ஸ்காரர்கள் சொன்ன வட்டி வீதத்தையும், முன்பணம் எவ்வளவு என்பதையும் நீங்கள் எழுதவில்லை. கேட்டு, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.